ஊக்கம் வற்றும் நாளுக்கான ஏற்பாடு

வாழ்க்கையைக் கையில் எடுத்துக்கொள்வது என்றால், அடுத்து நடக்கப்போகும் காரியத்தில் தனக்கும் ஒரு சொல் உண்டு என்று ஒருவர் நம்பி, அந்தச் சொல்லுக்கேற்ப நாளைக் கழிப்பது. இதில் இரண்டு வேலை அடங்கியிருக்கிறது. ஒன்று, நம்புவது. மற்றது, அந்த நம்பிக்கை தளர்ந்துபோகும் நாளிலும் காரியம் நின்றுவிடாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது. முதல் வேலையைப் பற்றி மேடைப் பேச்சாளர்களும் சுயமுன்னேற்ற நூல்களும் வண்டி வண்டியாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சு குறைவு. தொடங்கியவர் பலர், முடித்தவர் சிலர் என்று ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் அந்த இரண்டாவதுதான். ஜவ்வாது மலையில் 2023, 2024 ஆண்டுகளில் நடந்த ஒன்று இதை நன்றாகப் புரியவைக்கிறது.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர் வட்டத் தலைமையிடம். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. மலையில் வாழ்கிறவர், மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். தமிழ்நாட்டின் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, மாநிலத்தின் பழங்குடியினரை மட்டும் எடுத்தால் 54.3 விழுக்காடு.

மலையின் பிழைப்பு மழையைச் சார்ந்தது. சாமை, புளி, தேன், பலா, நெல்லி. சாமையை மழை பார்த்து விதைக்கிறார்கள். அறுத்து, அடித்து, உமி நீக்கிச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்து, மீதியை விற்கிறார்கள். அதற்குப் பிறகு கையில் வேலை இருக்காது. குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போகிறவர்கள் உண்டு. பெற்றோர் போகும்போது பிள்ளையும் போனால் பள்ளியில் பெயர் மட்டும் இருக்கும், பிள்ளை இருக்காது. கூலி தேடிப் போன பயணம் எங்கே முடியக்கூடும் என்பதற்கு ஒரு கொடிய நாள் சாட்சி: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் 20 தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள்.

வாழ்க்கை யார் கையில் என்ற கேள்வியை இப்படிப்பட்ட இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அதன் முழுக் கனமும் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-ல் வெளியிட்ட ஆய்வில் மனிதர்களின் நம்பிக்கையை ஓர் அளவுகோலில் வைத்துப் பார்த்தார். ஒரு முனையில், நடப்பதெல்லாம் தன் செயலால் நடக்கிறது என்று நம்புகிறவர். மறுமுனையில், எல்லாம் விதியாலும் பிறராலும் நடக்கிறது என்று நம்புகிறவர். நம் பேச்சில் இந்த இரண்டாவது நம்பிக்கைக்குத் தலையெழுத்து என்று பெயர். அதை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எளிது, சரியன்று. மழை பெய்வதும் பெய்யாததும், புளிக்கு வியாபாரி என்ன விலை சொல்வார் என்பதும் உண்மையிலேயே கையில் இல்லாத ஊரில், கையில் இல்லை என்று சொல்வது அனுபவம். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: கையில் இல்லாதவற்றின் நடுவில் கையில் இருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பது.

புலியூர் கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீபதி அதைத்தான் செய்தார். மலையாளி இனப் பெண். ஏலகிரி மலையில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு, பிறகு பட்டப் படிப்பு, சட்டப் படிப்பு. இடையில் திருமணமும் ஆனது, படிப்பு நிற்கவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023-ல் நடத்திய உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பித்தார். முதல்நிலைத் தேர்வில் தேறினார். முதன்மைத் தேர்வு நெருங்கும்போது நிறைமாதம். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு குழந்தை பிறந்தது. பிறந்து இரண்டாம் நாள், மலையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் பயணம் செய்து சென்னை வந்து தேர்வு எழுதினார். நேர்காணலும் முடிந்து 2024 பிப்ரவரியில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அப்போது வயது 23. தமிழ்நாட்டில் இந்தத் தேர்வில் வென்ற முதல் பழங்குடிப் பெண் என்று செய்திகள் கொண்டாடின. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வாழ்த்துச் சொன்னார். ஊர் மக்கள் மேளதாளத்தோடு வரவேற்ற படங்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின.

செய்தி பரவிய வேகத்தில் எல்லோர் மனத்திலும் நின்றது அந்த இரண்டாம் நாள்தான். உடல் வலியைப் பொருட்படுத்தாமல் தேர்வு எழுதிய மன உறுதி. அது பெரிய காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டால் கதையின் பெரும்பகுதி கைநழுவிப் போகும். தேர்வு தேதி ஸ்ரீபதியின் கையில் இல்லை. பிரசவ தேதி யார் கையிலும் இல்லை. கையில் இருந்தவை வேறு: பிரசவத்துக்கு முன்பே பாடங்களைப் படித்து முடித்திருப்பது, பயணத்துக்கு வண்டி, கூட வர ஆட்கள், பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கை. தாயும் கணவரும் துணை நின்றார்கள். முதலமைச்சரின் வாழ்த்துச் செய்தியில் அவர்கள் இருவருக்கும் தனியாகப் பாராட்டு இருந்தது. தேர்வறைக்குள் போனபோது அவரைத் தாங்கியது அன்று காலையில் திடீரென்று வந்த உத்வேகமாக மட்டும் இருந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய பல மாதங்களின் படிப்பு அங்கே வந்து நின்றது.

அந்தத் தேர்வு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் இது இன்னும் விளங்கும். முதன்மைத் தேர்வில் நான்கு தாள்கள்; தாளுக்கு 100 மதிப்பெண். மூன்று தாள்கள் சட்டம். அவற்றில் ஒன்றில் உரிமையியல் வழக்குக்கு எழுவினாக்கள் வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். இன்னொன்றில் குற்ற வழக்குக்குக் குற்றச்சாட்டு வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். நான்காவது மொழிபெயர்ப்பு: சாட்சியம், ஆவணம் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றுவது. தமிழ் வழியில் படித்தவருக்கு மூச்சு வாங்கும் இடம் இதுதான். "பிரதிவாதி வரப்பை வெட்டித் தள்ளி, என் நிலத்தில் ரெண்டு சால் சேர்த்து உழுதுவிட்டார்" என்று ஒரு சாட்சி சொன்னதாக வைத்துக்கொள்வோம். வரப்பு என்ன, சால் என்ன என்று மலையில் வளர்ந்தவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நகரத்து வழக்கறிஞருக்குத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதே வாக்கியத்தை நீதிமன்ற ஆங்கிலத்தில், சாட்சி சொன்னதில் ஒன்று கூடாமல் குறையாமல் எழுதுவது தனிப் பழக்கம். தினம் ஒரு பத்தி எழுதி எழுதித்தான் கை பழக வேண்டும். ஒரு நாள் எழுச்சியில் வந்துவிடாது.

இலக்கைப் பற்றிய ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எட்வின் லாக், கேரி லேத்தம் என்ற இரு ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்து, 1990-ல் தங்கள் கோட்பாட்டைப் பெரிய நூலாக வெளியிட்டார்கள். "முடிந்தவரை நன்றாகச் செய்" என்று சொன்னால் மனிதர்கள் முடிந்தவரை செய்வதில்லை. குறிப்பான, சற்றுக் கடினமான இலக்கைக் கொடுத்தால் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. லேத்தம் 1975-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, காட்டு வேலை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டப்படி ஏற்றக்கூடிய பாரத்தில் 60 விழுக்காடு அளவே ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. நன்றாக ஏற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்தும் பலன் இல்லை. 94 விழுக்காடு என்று ஓர் எண்ணை இலக்காகச் சொன்ன பிறகு பாரம் மெல்ல ஏறி 90-ஐ எட்டியது. லாரியும் அதே, ஆளும் அதே, கூலியும் அதே. மாறியது, எவ்வளவு என்று தெரிந்தது மட்டும்.

"நல்லா படிச்சு முன்னுக்கு வரணும்" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. லாக் சொல்லும் பொருளில் அது இலக்கு ஆகாது; ஆசீர்வாதம். அதை இலக்காக்க எண்ணும் தேதியும் வேண்டும். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 158 பிரிவுகளும் 51 கட்டளைகளும் இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்தால் மலைப்புத்தான். இரண்டு நாளுக்கு ஒரு கட்டளை என்று வைத்தால் 102 நாளில் கட்டளைகள் முடிந்துவிடும். புத்தகத்தின் கனம் குறையவில்லை. ஆனால் இன்றைக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்றைய பங்கு முடிந்தது என்ற நிறைவு கிடைக்கும்போதுதான் நாளைய பங்கை எடுக்க மனம் வருகிறது. ஊக்கம் வந்த பிறகு வேலை தொடங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முறை தலைகீழ்: வேலை கொஞ்சம் நகர்ந்த பிறகே ஊக்கம் எட்டிப் பார்க்கிறது.

பெரிய இலக்கைப் படியாக வெட்டிக்கொண்டதற்கு இதே மலையில் இன்னோர் உதாரணம் இருக்கிறது. காவலூர். கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்கு 1960-ல் இயக்குநராக வந்த வைணு பாப்பு, இரவு வானத்தை நன்றாகப் பார்க்க வேறு இடம் தேடினார். தென்னிந்தியாவில் பல இடங்களைப் பார்த்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், நகர வெளிச்சம் எட்டாத காட்டுக்குள் இருந்த காவலூரைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென் வானத்தின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். அவர் மனத்தில் இருந்தது இந்தியாவிலேயே செய்த ஒரு பெரிய தொலைநோக்கி. ஆனால் 1968-ல் இங்கே வேலை தொடங்கியது வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு. அதுவும் கொடைக்கானல் பட்டறையில் செய்தது. 1972-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த ஆண்டே, வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறியை அது பதிவு செய்தது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்ட கூடங்களில் காவலூரும் ஒன்று. மூன்றாவது படி, மனத்தில் இருந்த அந்தப் பெரிய தொலைநோக்கி: 2.34 மீட்டர். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே 55 வயதில் இறந்துவிட்டார். அவர் பழக்கிய ஆட்கள் அதை முடித்தார்கள். இன்று கூடமும் தொலைநோக்கியும் அவர் பெயரில் இருக்கின்றன.

பெரிய கருவி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர் இருந்திருந்தால் 1968-லிருந்து 1986 வரை பதினெட்டு ஆண்டு காவலூரில் ஒன்றும் நடந்திருக்காது. கையில் இருந்த சிறிய கருவியால் அன்றிரவே செய்யக்கூடியது என்ன என்று பார்த்தார். வானாய்வில் மழைக்காலம் முழுக்க மேகம். மாதக்கணக்கில் தொலைநோக்கியை மூடியே வைக்க வேண்டிவரும். மேகம் விலகும் இரவில் ஆள் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். படிக்கிற வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளி, காய்ச்சல், கரண்ட் போவது, பிள்ளையின் அழுகை என்று மேகம் வரத்தான் செய்யும்.

இந்த மேகங்களைப் பற்றி நம்பிக்கையூட்டும் ஆய்வு ஒன்று உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கச் சொல்லிக் கவனித்தார்கள். 2010-ல் வெளியான முடிவின்படி, பழக்கம் யோசிக்காமலே வரும் அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் கணக்கை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்னால் முடியாது என்று விட்டவர்கள் எத்தனை பேரோ. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. விட்ட நாளுக்கு அழுது, வாரம் முழுவதையும் விட்டுவிடுவதுதான் கெடுக்கிறது.

எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்வதும் இந்த ஏற்பாட்டில் சேரும். ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதை ஆராய்ந்தார். "படிப்பேன்" என்று முடிவு செய்தவர்களைவிட, "இது நடந்ததும், இந்த இடத்தில் உட்கார்ந்து, இதைப் படிப்பேன்" என்று முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்வது தெளிவாகக் கூடுதலாக இருந்தது. காரணம் எளிது. முடிவெடுக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது. அந்த நேரம் வந்ததும் உடம்பு தானாக அங்கே போகிறது. வீட்டு வேலை செய்து கொண்டே படிக்கும் பெண்ணுக்கு, இரவு ஒன்பது மணி என்று நேரம் குறிப்பதைவிட, பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் என்று குறிப்பது நன்றாக வேலை செய்யும். ஒன்பது மணி தவறிப்போகும். பாத்திரம் கவிழ்ப்பது எந்த நாளும் தவறாது. முன்னங்கை ஈரம் காயும் முன்பே நோட்டு திறந்திருக்கும்படி, அதை அடுப்படி அலமாரியிலேயே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கனவு காண்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வென்றுவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்தால் வெற்றி வரும் என்று சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991 முதல் செய்த ஆய்வுகள் வேறு சொல்கின்றன. எடை குறைக்க வந்த பெண்களில், மெலிந்து அழகாக நிற்பதாக இனிய கற்பனையில் மிதந்தவர்கள் குறைவாகவே மெலிந்தார்கள். கற்பனையிலேயே பாதிப் பலன் கிடைத்துவிட்டதாக மனம் தளர்ந்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். அவர் பரிந்துரைப்பது, வேண்டியதை நினைத்த கையோடு குறுக்கே நிற்பதையும் நினைப்பது. நீதிபதி நாற்காலியை ஒரு நிமிடம் நினைக்கலாம். அடுத்த நிமிடம் மொழிபெயர்ப்புத் தாளை நினைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனிமனிதர் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு. இத்தோடு நிறுத்தினால் பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றியதாகும். திருவண்ணாமலை மாவட்டத்தையும் களமாகக் கொண்ட ஓர் ஆய்வு மீதிப் பாதியைச் சொல்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தார்கள். கரும்பில் பணம் வருவது அறுவடையின்போது மொத்தமாக. வெட்டும் தேதியைப் பெரும்பாலும் ஆலைதான் முறைவைத்துக் கொடுக்கிறது. ஒருவருக்கு இந்த மாதம், பக்கத்து வயல்காரருக்கு அடுத்த மாதம். வெட்டுக்கு முன்னால் கை காய்ந்திருக்கும்; நகை அடகில் இருக்கும். வெட்டுக்குப் பின்னால் கையில் காசு புரளும். ஒரே விவசாயிக்கு இரண்டு நேரத்திலும் அறிவுத்திறன் சோதனை வைத்தபோது, வெட்டுக்கு முன்பைவிடப் பின்பு தெளிவாக நன்றாகச் செய்தார். 2013-ல் சயின்ஸ் இதழில் இது வெளியானது. மனிதர் மாறவில்லை. கடனும் வட்டியும் நாளைய அரிசியும் மனத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அவை விலகியதும் அறிவு தன் வேலையைச் செய்தது.

ஏழை மாணவரைப் பார்த்து "உனக்கு அக்கறை இல்லை" என்று சொல்கிற ஒவ்வொருவரும் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். கவனம் என்பதும் ஒரு வளம். பஞ்சத்தில் அதுவும் குறையும். ஆகவே, இலக்கை நோக்கிப் போகிறவரின் முதல் தேவை சில நேரம் அறிவுரையாக இருக்காது. மூன்று வேளைச் சாப்பாடாக, தேர்வுக் கட்டணமாக, வந்து போகும் பஸ்ஸாக இருக்கும். மலைப்பகுதிகளில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் செய்யும் பெரிய உதவி இதுதான். பெற்றோர் பிழைக்கப் போன ஊருக்குப் பிள்ளையும் போக வேண்டியதில்லை. சாப்பாட்டைப் பற்றிய கவலை அந்தச் சிறு தலையில் ஏற வேண்டியதில்லை. எல்லாப் பள்ளியிலும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பது அவசியம். ஆனால் ஏற்பாடு சரியான ஏற்பாடு.

ஸ்ரீபதியின் வெற்றிக்கும் இப்படி ஒரு பொது ஏற்பாடு துணைநின்றது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 2010-ல் வந்தது. அந்த முன்னுரிமை வழியாகவே அவர் தேர்வானார் என்பதை முதலமைச்சர் தம் வாழ்த்தில் குறிப்பிட்டார். இதைச் சொல்வதால் அவர் உழைப்பின் பெருமை ஒரு துளியும் குறையாது. வாசலில் படி வைத்துக் கொடுத்தால் ஏறுகிறவர் தன் காலால்தான் ஏறுகிறார்.

பிரசவமான இரண்டாம் நாள் பயணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. அது போற்றத்தக்க துணிவு. எல்லாப் பெண்களுக்கும் அதை அளவுகோலாக்குவது கொடுமை. பச்சை உடம்போடு நெடுந்தூரம் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதில் மருத்துவ ஆபத்து உண்டு. அந்த நிலையில் போக வேண்டாம் என்று முடிவு செய்கிற பெண்ணுக்கு மன உறுதி குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. பிரசவ காலத்தில் இருக்கும் தேர்வருக்கு அருகிலுள்ள நகரிலேயே மையம், அல்லது மாற்றுத் தேதி என்று தேர்வு நடத்தும் அமைப்புகள் யோசிக்கத் தொடங்கினால் அதுவே சரியான மரியாதை.

ஒருவர் வென்றதைப் பார்ப்பது மற்றவருக்கு என்ன செய்யும்? ஆல்பர்ட் பண்டுரா 1977-ல், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார். முதல் ஊற்று, தானே சிறிதாக ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். இரண்டாவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடித்ததைப் பார்ப்பது. இதில் "தன்னைப் போன்ற" என்பதுதான் உயிர். டெல்லியில் ஒருவர் ஜெயித்தால் அது செய்தி. தன் ஊரில், தன் சாதிச் சான்றிதழோடு, தன் வீட்டைப் போன்ற வீட்டிலிருந்து ஒருவர் ஜெயித்தால் அது வழி. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா தோப்பலோவா செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. இடஒதுக்கீட்டால் இரண்டு முறை பெண் தலைவர் வந்த ஊராட்சிகளில், பெண் பிள்ளையைப் பற்றிய பெற்றோரின் எதிர்பார்ப்பு ஆண் பிள்ளையோடு ஒப்பிடப் பின்தங்கியிருந்த இடைவெளி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பிள்ளைகளின் சொந்த எதிர்பார்ப்பில் இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டு மலைகளிலும் அடுத்தடுத்து நல்ல செய்திகள் வருகின்றன. 2024-ல் பச்சமலைப் பழங்குடி மாணவி ஒருவர் ஜே.இ.இ. தேர்வு எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பெற்றார். 2025-ல் கல்வராயன் மலைக் கருமந்துறைப் பக்கத்து மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார். தந்தை தையல்காரர், மகள் படித்துக்கொண்டிருந்தபோதே காலமானவர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் இன்று மலைப்பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு, எங்கள் ஆட்களில் யார் போயிருக்கிறார்கள் என்ற கேள்விக்குச் சொல்ல மூன்று பதில்கள் இருக்கின்றன.

மலையிலிருந்து தேர்வுக்கு வருகிறவர்களுக்கு சமவெளியில் இருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். காலையில் தொடங்கும் தேர்வுக்கு ஜமுனாமரத்தூரிலிருந்து அன்று காலையே பஸ் பிடித்துச் சென்னைக்கு நேரத்தில் வந்து சேர முடியாது. முந்தின நாளே வந்து எங்காவது தங்கியாக வேண்டும். தெரியாத ஊரில் லாட்ஜ் தேடுவது பெண் பிள்ளைகளுக்கு எளிதில்லை, செலவும் தாங்காது. சென்னை, வேலூர், திருவண்ணாமலையில் வீடு உள்ளவர்கள், தெரிந்த மலைப்பள்ளி ஆசிரியர் மூலமாக ஒரு தேர்வருக்கு ஓர் இரவு தங்க இடமும், காலையில் நாலு இட்லியும், தேர்வு மையம் வரை துணையும் கொடுக்கலாம்.